இரண்டாம் மாடி வளைகுடா

"கப்பலே நகரலையாம்மா. அப்புறம் நம்ம சிட்லபாக்கத்துக்கு சிலிண்டர் எப்படி வரும்?"

"அது தெரியும் அங்கிள். உங்க பால்கனியில நிக்கிறதைத்தான் கேக்கறேன்."

"அது கையிருப்பு. எண்ணெய் இறக்குமதி பண்ற நாடுங்க கையிருப்பு வெச்சுக்கணும்னு உலக அமைப்பே சொல்லுது, எப்சி. பேப்பர் படிக்கிறதில்லையா?"

பூத்தையல் போட்ட துணி உறைக்குள் நின்ற சிலிண்டரை ஒருமுறை தடவிவிட்டு வந்து உட்கார்ந்தார் அரிகிருஷ்ணன். உறை அவர் மனைவி தைத்தது. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. அதன்பின் அந்த வீட்டு வாசலை யாரும் மிதித்ததில்லை; கீழ்மாடி எப்சியும்தான்.

இப்போது அவளுக்கு அவசரம்; அவள் வீட்டு சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அம்மா ரோஸிக்குச் சூடான கஞ்சி தவிர எதுவும் தொண்டையில் இறங்காது. வளைகுடாவில் யாரோ யாரையோ முறைத்துக்கொண்டதில், இங்கே அந்தக் கஞ்சிக்கு ஆபத்து வந்திருந்தது.

முதலில் மின்சார அடுப்பு வாங்கினாள். மற்ற வீடுகளிலும் அதே யோசனை. எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டதில் ஃபியூஸ் போய், தண்ணீர் மோட்டாரும் நின்றது; அதோடு அந்தக் கட்டடத்தில் மின்சார அடுப்புக்கே தடை. அடுத்து, "ரெண்டு சிலிண்டர் இருக்கிறவங்க ஒண்ணு கொடுக்கணும்" என்று வாட்ஸப் குழுவில் ஓர் ஒப்பந்தம் போட்டாள். அன்று மாலையே இரண்டாவது சிலிண்டர்களெல்லாம் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கின. வெளியே தெரிந்தது அரிகிருஷ்ணனுடையது மட்டும்தான்.

"வெறுங்கையோட போனா யாரு தருவா?" என்றாள் கீழ்வீட்டு துர்கா. "டிவில பாக்கறதில்லையா? எண்ணெய் வேணும்னா தலைவருங்க கட்டிப்பிடிச்சுக்கறாங்க, விருந்து வெக்கிறாங்க."

எப்சி நெத்திலிக் குழம்பு வைத்துக் கொண்டுபோனாள். சிலிண்டர் எப்சிக்கே போய்விடுமோ என்று யோசனை சொன்ன துர்காவுக்கே பயம் வந்து, அவளும் அடை சுட்டு எடுத்துப்போனாள். மேல்வீட்டிலிருந்து பாயசம் இறங்கியது. அரிகிருஷ்ணன் எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, மனைவி முதன்முதலில் மணலோடு வைத்த நெத்திலிக் குழம்பின் கதையைச் சொல்வார். கடைசியில், "பார்க்கலாம்மா, நாளைக்கு வா."

அவரை மசியவைக்கச் சமைத்துச் சமைத்தே, கட்டிலுக்கடியில் இருந்தது உட்பட, அத்தனை வீட்டு கேஸும் தீர்ந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை ரோஸிக்குப் பச்சைத் தண்ணீரில் ஊறிய அவல். உள்ளே போன ஒரு வாயும் அப்படியே வெளியே வந்தது. எப்சி மேலே ஓடினாள்.

"அங்கிள், அம்மா காலையிலேர்ந்து பட்டினி. இன்னைக்குக் கதை வேணாம்."

அவர் முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எப்சி பால்கனியிலிருந்து, தெருவில் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன சிலிண்டர்கார மாரியைக் கூப்பிட்டுவிட்டாள்.

"மாரி அண்ணா, வந்து இதைக் கொஞ்சம் கீழ இறக்குங்க!"

மாரி வந்து உறையை உருவினான். பூக்கூடையைத் தூக்குவதுபோல் ஒற்றைக் கையால் தூக்கினான்.

"இன்னாக்கா, காலி சிலிண்டரை எங்க எடுத்துனு போற? அந்தம்மா காரியத்துக்கு சமைச்சதோட தீந்துபூட்ச்சு இது. மாத்தித் தரேன்னேன், யாருக்குப்பா சமைக்கிறது, மெஸ் சோறு போதும்னுட்டாரு சாரு."

எப்சி திரும்பினாள். அவளுடைய குழம்புப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார் அரிகிருஷ்ணன். கீழே ரோஸி முனகுவது கேட்டது.

"குழம்பெல்லாம் வேணாம்மா... நாளைக்கும் ஒரு தடவை வந்துட்டுப் போறியா?"