கைதி எண் 3316

சிறைத்துறையின் கைதிப் பட்டியலில் தம்பியின் பெயரைத் தட்டிய லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூன்றாவது முறையும் 'பதிவு இல்லை' என்றே பதில் வந்தது.

"ஒரு எழுத்தை மாத்திப் போட்டுப் பாருங்களேன்," என்றாள் மனைவி.

மாற்றிப் போட்டதில் எழுபது வயதுப் பெண்மணி ஒருத்தி வந்தாள். கொலை வழக்கு.

"இது அவன் இல்லை."

"அது எனக்கும் தெரியுது. மேல பாருங்க."

ஆறு நாளாகத் தம்பியைக் காணவில்லை. முப்பத்தெட்டு வயதிலும் அண்ணன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு வேலை தேடுவதாகச் சொல்லிவந்தவன். காணாமல் போவதற்கு முந்தின நாள்தான் மெக்கானிக் அவனைத் 'தண்டச்சோறு' என்று வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தார். மறுநாள் இவர்கள் இருவரும் வேலை முடிந்து வந்தபோது சோபா காலி. போலீஸ் ஜீப்பில் ஏறிப் போனதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார். ஸ்டேஷனுக்கு ஓடினால், "எல்லாம் இணையத்துல இருக்கு, பாத்துக்குங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

"உங்க அப்பா பேரைப் போட்டுத் தேடலாமே," என்றாள் மனைவி.

தேடினார். ஒரே ஒரு வரி வந்தது. மெக்கானிக் அதை இரண்டு முறை படித்துவிட்டு, போனை மனைவியிடம் நீட்டினார்.

பெயர் அவருடையது. தகப்பன் பெயர், வயது, கதவு எண், மாடி எல்லாமே அச்சுப் பிசகாமல் அவருடையவை. கைதி எண் 3316.

"நீங்க உள்ள இருக்கீங்க," என்றாள் மனைவி மெதுவாக.

"படுபாவி! மாட்டினதும் என் பேரைக் கொடுத்துட்டான்! இருபது வருஷம் கட்டிக் காத்த பேரு!"

பட்டியலின் அடியில் இருந்த எண்ணுக்கு உடனே போன் போட்டார்.

"3316 பத்திப் பேசணுங்க. அந்த ஆள் நான் இல்லை."

"நீங்க யாரு?"

பெயரைச் சொன்னார்.

"அப்ப அது நீங்கதானே?"

"பேரு நான்தான். ஆளு நான் இல்லை."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் இறுகியது. "உள்ள இருக்கிற உனக்கு யாருய்யா போன் கொடுத்தது?"

"ஐயோ, நான் வீட்டுல இருந்து பேசறேங்க!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க." போன் வைக்கப்பட்டது.

மறுநாள் காலை இருவரும் சிறை வாசலில் நின்றார்கள். மெக்கானிக் தன் அடையாள அட்டை, கம்பெனி அட்டை, பள்ளிச் சான்றிதழ் என்று வீட்டிலிருந்த அத்தனை காகிதத்தையும் வாரிக்கொண்டு வந்திருந்தார். மனைவி தம்பிக்கு இரண்டு சட்டையும் ஒரு துண்டும் எடுத்துவந்திருந்தாள். பார்வையாளர் கூடத்தின் பெஞ்சுகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். அங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இவர்கள் முறை வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த எழுத்தர் அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"உங்களை நீங்களே பார்க்க மனு போட முடியாதுங்க."

"என்னைப் பார்க்க நான் ஏங்க வரணும்? தம்பியைப் பார்க்க வந்திருக்கேன்."

"தம்பி பேரு?"

சொன்னார்.

"அப்படி யாரும் இங்க இல்லை."

"இருக்கான். என் பேர்ல இருக்கான்."

"உங்க பேர்ல நீங்கதான் இருக்கீங்க," என்ற எழுத்தருக்குத் திடீரென்று பொறி தட்டியது. "ஆமா, நீங்க எப்படி வெளிய வந்தீங்க?"

அவர் கை மேசைக்கு அடியில் போயிற்று. எங்கோ மணி அலறியது. இரும்புக் கதவு மூடிக்கொண்டது. இரண்டு காவலர்கள் மெக்கானிக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்காத குறையாக அதிகாரியின் அறைக்குக் கொண்டுபோனார்கள். மனைவி துண்டோடு பின்னால் ஓடினாள்.

அதிகாரி கோப்பிலிருந்த படத்தையும் இவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஜாடை இருக்கு. ஆனா நீங்க இல்லை."

"அப்பாடா! அதைத்தாங்க நேத்தே போன்ல சொன்னேன்."

"அந்தப் போன் உங்களுதா?" அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "கைதி போன் வச்சிருக்கான்னு அவன் அறையைப் புரட்டிப் போட்டோம். எங்க ஒளிச்சேன்னு நல்லாவே விசாரிச்சோம். வாயைத் திறக்கலை. தனி அறையில போட்டிருக்கோம்."

மனைவி துண்டோடு மேசையருகே வந்தாள். "தம்பி சாப்பிட்டாருங்களா?"

அதிகாரி கோப்பின் பக்கத்தைப் புரட்டினார். மெக்கானிக்குக்குக் கோபம்தான் முந்திக்கொண்டது. "என்ன கேஸ்?"

அதிகாரி படித்தார். "பணியில் அலட்சியம். ஒருத்தருக்கு ரெண்டு காலும் போச்சு."

"பணியா? அவனுக்கா?" மெக்கானிக்குக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "வேலையே இல்லாதவனுக்கு வேலையில அலட்சியமா!"

"அப்ப ஆள்மாறாட்டம்னு எழுதிக் கொடுங்க. அவன் மேல தனிக் கேஸ் போடணும்," என்றார் அதிகாரி.

"வேணாங்க," மனைவி அவர் கையைப் பிடித்தாள். "முதல்ல அவரைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"கேட்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கையை உதறிவிட்டு எழுத உட்கார்ந்தார். சின்ன வயதில் தன் செருப்பைப் போட்டுத் தேய்த்ததில் தொடங்கி, இன்று தன் பெயரைப் போட்டுக்கொண்டது வரை ஒன்றரைப் பக்கம் எழுதினார். அந்தப் பெயருக்கும் முகவரிக்கும் உரிய ஆள் தானே, தான் மட்டுமே என்று அடிக்கோடிட்டார். கையெழுத்துப் போட்டார். கேட்காமலேயே பத்து விரலையும் மையில் தோய்த்து ஒற்றினார். கம்பெனி அட்டையையும் இணைத்தார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

நீதிமன்றத்திலிருந்து தபால் கொண்டுவந்து கதவோரம் நின்றிருந்த கான்ஸ்டபிள், மேசையிலிருந்த லிஃப்ட் கம்பெனி அட்டையை எட்டிப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப அந்த லிஃப்ட் மெக்கானிக் நீங்கதானா? வாரண்டோட உங்களைத் தேடித்தாங்க அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தோம். நீங்க சரிபார்த்த லிஃப்ட்டோட கம்பி அறுந்து ஒருத்தருக்குக் கால் போச்சுன்னு சொன்னதும், சோபாவுல படுத்திருந்தவர் எந்திரிச்சு, 'நான்தாங்க அது'ன்னு அவராவே வந்து ஜீப்புல ஏறிக்கிட்டாரு."