கிராப்பு அழகிரி பல்லு வெளுத்த கதை

உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. அங்க தூணோரமா குசுகுசுன்னு பேசிக்கிட்டிருக்கவங்க பேச்சை முடிச்சுட்டு இப்படி முன்னால வாங்க. வெத்தலை போட்டிருக்கவங்க போய்த் துப்பிட்டு வந்துருங்க. ஏன்னா நான் சொல்லப் போறது ஒரு மனுஷனோட வாயைப் பத்தி. கதை முடியற வரைக்கும் இங்க அந்த ஒரு வாய் போதும்.

அழகிரின்னா யாருன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். சின்னக்கடைவீதி ஜவுளிக்கடையில சேலை விரிச்சுக் காட்டுறவரு. வீடு ஸ்ரீரங்கத்துல, அடையவளஞ்சான் வீதி. ஊருல பாதிப் பேரு குடுமியோட திரிஞ்ச காலத்துலயே கிராப்பு வெட்டிக்கிட்ட ஆளு. சும்மா கிராப்பு இல்லைங்க. முன்னால ஒரு அலை, அதுக்குப் பின்னால ஒரு அலை, ஆடி மாசத்துக் காவேரி கணக்கா. சேலை எடுக்க வர்ற பொம்பளைங்க பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. "அந்தக் கிராப்புக்காரரை வரச் சொல்லுங்க"ன்னுதான் கேப்பாங்க.

அந்தத் தலைக்குக் கீழ ஒரு வாய். அங்கதான் வெவகாரமே. வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, அதுக்கு மேல யாழ்ப்பாணப் பொகையிலை. காலையில உள்ள போனா ராத்திரி படுக்கறப்பத்தான் வெளிய வரும். பல்லா அது? செங்கச் சூளையை வாய்க்குள்ள அடுக்கி வச்ச மாதிரி இருக்கும்.

அவரு சம்சாரம் வெள்ளையம்மாள். அதிகம் சண்டை போடாது, சத்தம் போடாது. ஆனா ஒண்ணை மனசுல முடிச்சுப் போட்டுக்கிச்சுன்னா அந்த முடிச்சை அவுக்க எமன் வந்தாலும் ஆகாது. தங்கச்சி பிரசவத்துக்காக மருங்காபுரி போக வேண்டியிருந்துச்சு. போறதுக்கு முந்தி புருஷனைச் சமயபுரத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயி, எரியற சூடத்துக்கு முன்னால நிறுத்தி, சத்தியம் பண்ணுங்கன்னு சொல்லிருச்சு. அழகிரியும் பக்கத்துல நிக்கிற ஆத்தாளுக்குப் பயந்து, எதுத்தாப்புல இருக்கற ஆத்தாகிட்ட சொல்லிட்டாரு.

"இனிமே இந்த வாயில வெத்தலை பொகையிலை விழுந்தா, இந்தத் தலைமுடி ஒனக்குத்தான் தாயி."

ஏதோ ஒரு வேகத்துல சொன்னது. வெள்ளையம்மாள் நிதானமா, "காதுல வாங்கிக்க ஆத்தா, நான் சாட்சி"ன்னு சேத்துக்கிச்சு.

வெள்ளையம்மாள் பஸ் ஏறிப் போயிருச்சு. பஸ் கெளப்பின புழுதி அடங்கறதுக்குள்ள நம்மாளு வாயில பொகையிலை. ரெண்டு மாசம். தட்டிக் கேக்க ஆளில்லாத வாயி, கேக்கணுமா? கடைச் சுவரு, காவேரிக் கரை, கல்லு மண்ணு எல்லாம் செவந்து போச்சு.

ஒருநாள் காலையில மருங்காபுரிப் பக்கத்துக் கடலை வியாபாரி நல்லுசாமி வேட்டி எடுக்கக் கடைக்கு வந்தாரு. வந்தவரு போற போக்குல, "ஒங்க வீட்டம்மா இன்னிக்குச் சாயங்காலப் பஸ்ஸுல வர்றாங்க, அவங்க அப்பாவும் கூட வர்றாரு"ன்னு ஒரு குண்டைப் போட்டுட்டுப் போயிட்டாரு.

அழகிரி கையில விரிச்ச சேலை விரிச்சபடி நிக்குது. மெதுவா கண்ணாடிக்கிட்ட போனாரு. வாயைத் தொறந்தாரு. கண்ணாடிதான் பின்னால ரெண்டு அடி நகந்த மாதிரி இருந்துச்சாம்.

பக்கத்துக் கடையில அத்தர் விக்கிற மீரான், சத்தியக் கதை தெரிஞ்சவரு, எட்டிப் பாத்தாரு. ஆறுதல் சொல்லுவாருன்னு நெனச்சா, அவரு வேற எரியற அடுப்புல எண்ணெயை ஊத்துறாரு.

"மாமா, ரெண்டு மாசம் பொகையிலைய விட்டவன் வாயி இப்படியா இருக்கும்? முத்து மாதிரியில்ல இருக்கணும். அம்மா வந்து எறங்குனதும் மொதல்ல ஒங்க பல்லைப் பாப்பாங்க. அப்புறம் தலையைப் பாப்பாங்க."

அழகிரி ரெண்டு கையாலயும் கிராப்பைப் பொத்திக்கிட்டாரு. மொட்டை போட்டுட்டுக் கடைக்கு வந்தா, பொம்பளைங்க எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க?

கடைக்குப் பின்கட்டுல வேலை ஆரம்பமாச்சு. குத்துவிளக்கே செங்கத்தூள்ல பளபளங்குது, பல்லு எம்மாத்திரம்னாரு மீரான். அழகிரி தேய்ச்சாரு பாருங்க, மில்லு ஓடற மாதிரி. கொப்புளிச்சுட்டுப் பாத்தா முன்னை விடச் செவப்பு. ஈறு கிழிஞ்சு ரத்தம். சரி, பித்தளைக்குப் புளின்னா பல்லுக்கு எலுமிச்சைன்னு, உப்பு வச்சு அதையும் தேய்ச்சாரு. அம்புட்டுத்தான். பல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா எழுந்து நின்னு கூப்பாடு போட்டுச்சு. மூச்சை உள்ள இழுத்தாலே கூசுது.

மணி ரெண்டாச்சு. மீரானுக்கே பயம் வந்து, ஜட்கா பிடிச்சுத் தென்னூரு பல் டாக்டர் அற்புதசாமிக்கிட்ட தள்ளிவிட்டுட்டாரு.

அற்புதசாமி நல்ல டாக்டரு. ஆனா அவரு பேச்சு இருக்கே, ஒரு வார்த்தைக்கும் மறு வார்த்தைக்கும் நடுவுல நீங்க ஒரு தூக்கம் போட்டு எழுந்திருச்சுறலாம். சுவத்துல கடிகாரம் டிக்கு டிக்குன்னு ஓடுது. அழகிரி வாயைத் தொறந்து காட்டுனாரு. டாக்டர் கண்ணாடியை மூக்கு மேல ஏத்திக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"இந்த வாயில... யாரு... கொத்து வேலை பாத்தது?"

அழகிரி செங்கத்தூளு, எலுமிச்சைன்னதும் டாக்டருக்கு மனசு பொறுக்கலை. பல்லுக்கு மேல கண்ணாடி கணக்கா கெட்டியா ஒரு ஓடு இருக்காம். செங்கத்தூளு அதைக் கீறிருமாம், எலுமிச்சை அரிச்சுருமாம், போன ஓடு போனதுதான், நகம் மாதிரி மறுபடி வளராதாம். கறையில ரெண்டு ரகமாம். மேலாக்கப் படிஞ்சதைக் கருவியால சுரண்டி, மெல்லிசுப் பொடியால மெருகு போட்டா போயிருமாம். ஓட்டுக்குள்ள ஊறுனது சுரண்டுனா போகாதாம். அதுக்கு ஒரு மருந்து இருக்காம். பஞ்சுல நனைச்சுப் பல்லு மேல வச்சு வெளக்குச் சூடு காட்டுனா, நுரைச்சுக்கிட்டே உள்ள எறங்கி, பல்லை விட்டுட்டு நிறத்தை மட்டும் கலைச்சுருமாம், வெள்ளாவியில வச்ச துணி மாதிரி.

"அதை வைங்க"ன்னாரு அழகிரி.

டாக்டர் தலையை ஆட்டுனாரு. எல்லா வாய்க்கும் எல்லாம் ஒத்துக்காதாம். புண்ணான ஈறுக்கு மொதல்ல உப்புத்தண்ணிக் கொப்புளிப்பு, ஈறு ஆறுனதும் சுரண்டல், அப்பவும் கறை இருந்தா மருந்து, அதுதான் ஒங்களுக்குத் தோது, அடுத்த மாசம் வாங்கன்னாரு.

"அடுத்த மாசம் என் தலை இருக்காது டாக்டரே."

"பல்லு வலியில... யாருக்கும்... தலை போனதில்லை."

கடைசியில அழகிரி அழுத அழுகையைப் பாத்து எறங்கி வந்தாரு. ஆனா சொல்லிட்டுத்தான் கையை வச்சாரு. சுரீர்னு கூசும், சூடு ஆகாது, குளிர்ச்சி ஆகாது, முக்கியமா ரெண்டு நாளைக்குக் காப்பி கண்ணுல படக்கூடாது, புதுசா வெளுத்த பல்லு நிறத்தைச் சட்டுனு பிடிச்சுக்கும். அழகிரி எல்லாத்துக்கும் மண்டையை ஆட்டுனாரு. ஒதட்டுல வாசலினைத் தடவி, ஈறை மறைச்சு, சுரண்டி, மெருகு போட்டு, மருந்து வச்சு, வெளக்கைக் காட்டி முடிச்சப்ப சாயங்காலம். கண்ணாடியில பாத்தாரு. தன் பல்லுதானான்னு சந்தேகம் வந்து நாக்கால ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

ஜட்கா பறந்துச்சு. காவேரிப் பாலத்து மேல ஏறுனதும் எதிர்காத்து. காத்து பல்லுல பட்டதும் நம்மாளு வண்டிக்குள்ளயே எம்பிக் குதிச்சாரு. துண்டை வாயில அடைச்சுக்கிட்டு ம்ம்ம்னு மொனகுறதைப் பாத்து, வண்டிக்காரரு ஏதோ துக்க வீட்டுக்குப் போறாருன்னு நெனச்சுச் சாட்டையை ரெண்டு வீசு கூட வீசுனாரு.

வீட்டு வாசல்ல எறங்குனா கதவு தொறந்து கெடக்கு. உள்ள பெஞ்சுல மாமனாரு பிச்சைமுத்து. மழையை நம்பி வெள்ளாமை பண்ற மானாவாரிச் சம்சாரி. பேச்சுக்கு சர்க்காரு வரி போட்டாலும் அந்த மனுஷன் காலணா கட்ட வேண்டியதில்லை. கும்பிட்டா தலையை ஆட்டுவாரு. எதைக் கேட்டாலும் ம்னு ஒண்ணு வரும், அதுவும் மூக்கு வழியா. அன்னிக்கும் ம்னாரு.

வெள்ளையம்மாள் அடுப்படியிலேருந்து வந்துச்சு. அழகிரி இதுக்காகவே காத்திருந்தவரு, ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. வீடே வெளிச்சமாச்சு.

வெள்ளையம்மாள் பாத்துச்சு. மொதல்ல பல்லை. அப்புறம் தலையை. திரும்பி உள்ள போயிருச்சு. அழகிரி நெஞ்சு ஜட்காக் குதிரையை விட வேகமா ஓடுது. திரும்பி வந்தப்ப அது கையில டம்ளரு. ஆவி பறக்குது. காப்பி.

"அப்புறம் குடிக்கிறேனே"ன்னு இழுத்தாரு.

"ரெண்டு மாசமா என் கைக் காப்பிக்கு ஏங்கிப் போயிருப்பீங்க. குடிங்க."

மாமனாரு பாக்குறாரு. பொண்டாட்டி பாக்குறா. அழகிரி கண்ணை மூடிக்கிட்டு ஒரு மடக்கு உறிஞ்சுனாரு. பல்லுல பத்தின தீ காது வழியா ஏறி, அந்தக் கிராப்புல ரெண்டு அலையையும் நட்டுக்க நிறுத்திருச்சு. ஆனா மனுஷன் முகத்தை அசைக்கலை. கண்ணுல தண்ணி மட்டும் பொலபொலன்னு.

"என்னங்க, கண்ணு கலங்குது?"

"ஒன்னைப் பாத்த சந்தோஷம்."

"இன்னொரு வாயி சந்தோஷப்படுங்க."

பட்டாரு. டம்ளரு காலியாகற வரைக்கும் சந்தோஷப்பட்டாரு. அப்புறம்தான் வெள்ளையம்மாள் தரையில சாவகாசமா உக்காந்து, சேலைத் தலைப்பால முகத்தை விசிறிக்கிட்டே கேட்டுச்சு.

"பல்லு இம்புட்டு வெள்ளையா ஆயிருச்சே. எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?"

அழகிரி யோசிச்சாரு. பொடின்னா, எங்க அந்தப் பொடி, காட்டுங்கன்னு கேப்பா. டாக்டருன்னா, பொகையிலைய விட்டவருக்கு டாக்டர் வீட்டுல என்ன சோலின்னு கேப்பா. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து தெரிஞ்சுச்சு. அதுல பூந்துட்டாரு.

"ஒண்ணும் போடலை வெள்ளை. பொகையிலைய விட்டேன். பல்லு தன்னால வெளுத்துருச்சு. எல்லாம் ஆத்தா செயல்."

"வெறுமனே விட்டதுக்கேவா?"

"வெறுமனே விட்டதுக்கே."

"ஆத்தா மேல ஆணையா?"

"ஆணையா."

வெள்ளையம்மாள் முகத்துல கோபமே இல்லை. பெஞ்சுப் பக்கம் திரும்புச்சு. "அப்பா, கேட்டுக்கிட்டீங்களா? பொகையிலைய விட்டா பல்லு தன்னால வெளுத்துருமாம்."

பிச்சைமுத்து தன் காப்பி டம்ளரைக் கீழ வச்சாரு. மருமகனை ஒரு பார்வை பாத்தாரு. கல்யாணமான நாளா மருமகன் பாத்திராத ஒரு காரியத்தைச் செஞ்சாரு. வாயைத் தொறந்தாரு. உள்ள மருங்காபுரிச் செம்மண்ணு, ஒரு ஓரம் விடாம.

"இவ பொறந்த அன்னிக்குப் பொகையிலைய விட்டவன் மாப்ளே நானு. ஆத்தா இன்னும் என் பல்லுப் பக்கம் வரலையே."