அறுபது கிலோவும் ஒரு மொட்டையும்

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பி அடுத்தவர் வாழ்க்கையைக் கெடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்கள் ஊர்க் கபடி அணிக்கு நான் மேனேஜர். (ஆடத் தெரியாதவனுக்கு வேறு என்ன பதவி கொடுப்பார்கள்?) கன்னிவாடியில் அறுபது கிலோ எடைப் பிரிவில் போட்டி. கல்லூரி ஒன்றின் பி.டி. மாஸ்டர் ஆள் பிடிக்க வருவதாகச் சேதி. எங்கள் ரைடர் அந்தோணி அவர் கண்ணில் பட்டால் மூன்று வருஷம் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். படாவிட்டால் திங்கட்கிழமையே மில் வேலை. சீட் கிடைத்தால் வேளாங்கண்ணியில் மகனுக்கு மொட்டை போடுவதாக அவன் அம்மா நேர்ந்துகொண்டு, ஒரு வருஷமாக அந்தத் தலையில் கத்திரிக்கோல் படவிடவில்லை.

பனியன் வாங்கக் காசில்லை. திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடைக்காரரைப் பிடித்தேன். முதுகில் கடைப் பேர் போட்ட பனியன் அவர் தருவார். பதிலுக்குப் போட்டியன்று காலையில் அணி முழுக்க அதைப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவர் போட்டோ எடுத்துக்கொள்வார். ஏதோ உலகக் கோப்பைக்கே ஒப்பந்தம் போட்ட மிதப்பு எனக்கு.

அந்தோணி "போதும்டா" என்று இலையை மூடப் போனான்.

"ஏலே, ஓசில வருது. தெம்பு வேணாமா?" என்று இன்னொரு கரண்டி வைத்தது சாட்சாத் இந்தக் கைதான்.

மதியம் எடை மெஷினில் ஏறினான். அறுபது கிலோ நானூறு கிராம்.

"ஒரு மணி நேரம் தாரேன். குறையலைன்னா வெளிய" என்றார் கமிட்டிக்காரர்.

வெயிலில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். நானும் கூடவே ஓடினேன். (என் எடை யாருக்கு வேண்டும்? ஆனாலும் ஓடினேன்.) மறுபடி ஏறினால் இன்னும் நூறு கிராம் குறைய வேண்டும். கழற்ற இனி ஜட்டிதான் பாக்கி. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் பார்வையை மேலே திருப்பியபோதுதான் அந்த முடி கண்ணில் பட்டது.

"அம்மாட்ட என்னடா சொல்றது?" என்றான் சலூன் வாசலில்.

"நான் சொல்லிக்கிறேன். உக்காரு."

மெஷின் சரியாக அறுபது காட்டியது. அரையிறுதியில் தோற்றுப் போனோம். ஆனால் பி.டி. மாஸ்டர், "அந்த மொட்டையை வரச் சொல்லுங்க" என்றார்.

சீட் கிடைத்த சேதி கேட்டு அவன் அம்மா அழுதார். அழுதுகொண்டே மகன் தலையைத் தடவியவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"மாதாவுக்கு நேர்ந்த முடி எங்க, அப்பு?"

"சலூன்ல கெடக்கும்மா."

என் தலையை ஏறிட்டுப் பார்த்தார். "அப்ப நீ குடு."

பழனி முருகனைத் தவிர யாருக்கும் முடி கொடுத்தறியாத குடும்பம் எங்களுடையது. வேளாங்கண்ணிக்கு மூன்று பேரும் போனோம். என் தலையில் கத்தி ஓடும்போது அவர் முணுமுணுத்த ஜெபத்தில் மகன் பேரோடு என் பேரும் காதில் விழுந்தது. குனிந்திருந்ததால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

அந்தோணி இன்று ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். எனக்கு நேர்த்திக்கடன் இல்லாமலே வழுக்கை விழுந்துவிட்டது. அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து நான் "போதும்மா" என்றால், அவன் அம்மா இன்னொரு கரண்டி வைத்துவிட்டுச் சொல்வார்:

"பயப்படாம சாப்பிடு அப்பு. இனி ஒந்தலையில எடுக்க என்ன இருக்கு?"