கிலோவாட் அக்காவின் ஏழு மணிக் கணக்கு

ஜாதி பார்க்காமல், சம்பளம் பார்க்காமல், கிலோவாட்டை மட்டுமே பார்த்து மனிதர்களை எடைபோட்ட ஜீவன் இந்தப் பூமியில் ஒன்று உண்டென்றால் அது பவானிபூர் கிலோவாட் அக்காதான். சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். தமிழ்க் குடும்பங்களுக்குக் கிலோவாட் அக்கா, வங்காளிகளுக்குக் கிலோவாட்-தீ; அவர்கள் பாஷையில் 'தீ' என்றால் அக்கா. லைசென்ஸ் வாங்கிய வயரிங் கான்ட்ராக்டர். நாற்பது வயது, ஒரு ஸ்கூட்டர், காதில் செருகிய டெஸ்டர்.

ஒருமுறை பக்கத்துத் தெருப் பையனைப் பற்றி வரன் விசாரிக்க வந்தார்கள். அக்கா சொன்னாள்: "பையன் தங்கம். ஆனா நாலு ரூம் வீட்டுக்கு ரெண்டே கிலோவாட் வாங்கி வெச்சிருக்காங்க. உங்க பொண்ணு ஹேர் ட்ரையர் போடுவாளா?" அந்த வரன் அத்தோடு சரி. துர்கா பூஜைப் பந்தலில் ஊரே அம்மனை முன்னாலிருந்து கும்பிடும். அக்கா மட்டும் பின்பக்கமாகப் போய்க் கும்பிடுவாள். மெயின் சுவிட்ச் அங்கேதான் இருக்கும்.

இவளை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட வைத்தது அம்மாவின் சபதம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே சமையலறையிலிருந்து வெளியே வந்த அம்மா அறிவித்தாள்: "இந்தப் போய்ஷாக் மாச வெயில் முடியறதுக்குள்ள வீட்டுல ஏசி ஓடணும். இல்லேன்னா நான் பெங்களூர்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். பூஜைக்குத்தான் திரும்புவேன்."

அம்மா சும்மா சொல்கிறவள் அல்ல. பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. எனக்கும் அப்பாவுக்கும் பிழையில்லாமல் வைக்கத் தெரிந்தது வெந்நீர் ஒன்றுதான்.

மறுநாளே ஏசி வாங்கிவிட்டோம்! மாட்டத்தான் வழியில்லை. எங்கள் வீட்டு இணைப்பு இரண்டு கிலோவாட். இண்டக்ஷன் அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் சந்தித்துக்கொண்டாலே மெயின் ட்ரிப் ஆகிவிடும். லோடு கூட்டித் தரச்சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் கிலோவாட் என்ற கட்டத்தில் எத்தனை என்று எழுதுவது?

"மூணு போதும்," என்றார் அப்பா. "ஜாஸ்தி கேட்டா, ஓடினாலும் ஓடாட்டாலும் மாசாமாசம் கூடுதலா கட்டணும்."

நான் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் திருப்பி, முதுகில் எழுதியிருந்த வாட்டைப் படித்து, எக்செல்லில் கூட்டி, "பத்து!" என்றேன்.

மூன்றுக்கும் பத்துக்கும் நடுவில் இரண்டு வாரம் ஓடிப்போனது. ஹாலில் கிடந்த ஏசி அட்டைப்பெட்டி மேல் அப்பா துணி விரித்து, காபி டம்ளர் வைக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா பெட்டியில் புடவை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா வந்தாள். என் எக்செல்லை, நாள்பட்ட ஹில்ஸா மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கீஸரையும் ஏசியையும் சேர்த்துக் கூட்டியிருக்கியே, நீ மார்கழியில ஏசி போடுவியா? இந்த வெயில்ல வெந்நீர்ல குளிப்பியா? தூர் பாபா, போடா! ஒரே நேரத்துல எதெது ஓடுதோ அதுதான்டா கணக்கு. உங்க வீட்ல ரொம்ப அமளியான நேரம் எது?"

"சாயங்காலம் ஏழு மணி," என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அப்ப ஏழு மணிக்கு ஒத்திகை!"

சரியாக ஏழுக்கு அக்கா விசிலோடு நின்றாள். எதையும் நிஜமாக ஓட்டக் கூடாது. அவள் சாமானின் பெயரைக் கூப்பிட்டால், அந்த நேரத்தில் அதை ஓட்டுகிற ஆள் கை தூக்க வேண்டும். ஒரு சாமானுக்கு ஒரு கை. தூக்கிய கையை இறக்கக் கூடாது.

"டிவி!"

அப்பா கம்பீரமாகக் கை தூக்கினார்.

"லேப்டாப்!"

நான்.

"இண்டக்ஷன்!"

அம்மாவின் வலது கை.

"இஸ்திரிப் பெட்டி!"

என்னுடைய வீடியோ மீட்டிங் சட்டைக்காக, அம்மாவின் இடது கை.

"மிக்ஸி!"

அம்மா யோசித்துவிட்டு ஒரு காலைத் தூக்கினாள்.

"மைக்ரோவேவ்!"

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஏம்மா, இனிமே தூக்க என்கிட்ட என்ன இருக்கு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"மாமா, ஏசியை எங்க மாட்டப் போறீங்க?"

"பெட்ரூம்லதான்."

"ஏழு மணிக்கு அந்த ரூம்ல யார் இருப்பாங்க?"

டிவி இருந்தது பெட்ரூமில். அப்பாவின் கை மெல்ல இறங்கியது.

"அப்ப பத்து கிலோவாட் வாங்கினாலும் மாமி பெங்களூர்தான்," என்றாள் அக்கா. நோட்டைத் திறந்து மளமளவென்று தீர்ப்பு எழுதினாள். "யார் சட்டையோ அவங்களே காலையில இஸ்திரி போட்டுக்கணும். மிக்ஸி நாலு மணிக்கு. ஏழு மணிக்கு ஏசி, அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட், டிவி. மேல கொஞ்சம் இடம் விட்டு, அஞ்சுன்னு எழுது. மாமி ஏசி ரூம்ல, ரிமோட்டோட. மாமா அடுப்புகிட்ட."

"எனக்கு ரசம்கூட வைக்கத் தெரியாதேம்மா!"

"புது மீட்டர் வர நாளாகும் மாமா. அதுக்குள்ள கத்துக்கலாம்."

கற்றுக்கொண்டார்! மூன்று ரசம் சாக்கடைக்குப் போயிற்று, நான்காவது தொண்டைக்குள் போயிற்று. மீட்டர் வந்த சாயங்காலம் அக்கா எல்லாவற்றையும் நிஜமாகவே ஓடவிட்டுப் பார்த்தாள். மெயின் அசையவில்லை. அம்மா கழுத்துவரை போர்த்திக்கொண்டு, போனில் பெங்களூரோடு பேசினாள்: "இல்லக்கா, வரலை. இங்க ஒரே குளிரு."

வெளியே கால்போய்ஷாகி என்கிற கோடைப் புயல் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா அடுத்த வீட்டு ஒத்திகைக்காக ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டாள். நன்றி சொல்லத்தான் ஓடினேன். ஆனால் 'மழை வருது' என்றுதான் சொன்னேன். என் ரெயின்கோட்டை நீட்டினேன். போட்டுக்கொண்டே மேலே பார்த்து, "மூணாவது மாடியில இந்த மாசத்துல கீஸர் ஓடுதுடா!" என்று அலறிவிட்டுப் போனாள்.

அந்தக் குளிர்காலத்தில் அக்கா ஜாம்ஷெட்பூருக்குக் குடிபோய்விட்டாள். ரெயின்கோட்டும் கூடவே போய்விட்டது. நான் இன்னும் நனைந்துகொண்டுதான் ஆபீஸ் போகிறேன். புதிதாக ஒன்று வாங்கிவிட்டால், அக்கா திரும்பி வர ஒரு காரணம் குறைந்துவிடும்.