பிளாஸ்டிக் இல்லாத வீடு

"வீட்டைப் பார்க்கணுமா? எதுக்காம்?" துடைப்பத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள் மனைவி.

"நாம எப்படி வாழறோம்னு பார்க்கணுமாம். அந்தச் சோப்புக்காரர் பார்த்துட்டுத்தான் ஏஜென்சிப் பேப்பர்ல கையெழுத்துப் போடுவாராம். இப்பவே வீடியோவுல கூப்பிடப் போறாங்க!"

போனைக் கையில் பிடித்தபடி கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார் மூலிகை. மூலிகை என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். சிமெண்ட் கம்பெனி வேலையை உதறிவிட்டு, வெளிநாட்டிலிருந்து இயற்கைப் பொருள்களை வரவழைத்து விற்கப்போவதாக அவர் கிளம்பிய நாளிலிருந்து அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. மரச் சீப்பும் மூங்கில் பிரஷ்ஷும் ஏதேதோ தேசங்களிலிருந்து வந்து சேர்ந்துவிட்டன. ஆனால் கடையின் உயிர், கடலுக்கு அந்தப் பக்கம் செடி எண்ணெயில் சோப்பு காய்ச்சும் ஒரு பெரியவர் கையில் இருந்தது. கடை வாசலில் அந்தச் சோப்பின் பெயரைப் பெரிதாக எழுதி, 'ஒரே ஏஜெண்ட்' என்று பலகையும் மாட்டியாகிவிட்டது. ஏஜென்சி கிடைக்காவிட்டால் கடையும் இல்லை. சிமெண்ட் கம்பெனியில் அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து பலகாலம் ஆகிறது.

சோப்புக்காரர் ஒரு மாதிரிப் பிடிவாதக்காரர். தன் சோப்பை விற்கிறவரும் தன்னைப் போலவே இயற்கையோடு வாழவேண்டும் என்பார். போன தடவை பேசியபோது மூலிகையின் வாய் சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்ல வலை போட்டுத் தேடினாலும் பிளாஸ்டிக் கிடைக்காது" என்று அளந்துவிட்டிருந்தார்.

"அளக்கறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இந்த வீட்ல பிளாஸ்டிக் இல்லாதது நீங்க, நான், அப்பா, மூணு பேர்தான். பல்லைக் கணக்குல சேர்த்தா அப்பாவும் கிடையாது."

வம்பு பேச நேரமில்லை. டப்பா, கூடை, குடம், மேசை விசிறி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் இருவரும் படுக்கையறை அலமாரிக்குள் திணித்தார்கள். பூ ஜாடியிலிருந்த பிளாஸ்டிக் ரோஜாவும் உள்ளே போனது. கடைசியில் மிஞ்சியது மாமனார் உட்கார்ந்திருந்த நாற்காலி.

"மாமா, கொஞ்சம் எழுந்திருங்க. அஞ்சே நிமிஷம்."

"மாப்பிள்ளை, எனக்கு மூட்டு வலி. தரையில உட்கார்ந்தா எழுந்திரிக்கறது கஷ்டம்."

"தரைதான் மாமா உடம்புக்கு நல்லது" என்று சொல்லி அவரைச் சுவரோரம் இறக்கிவிட்டு, நாற்காலியையும் திணித்து, தோளால் கதவை அமுக்கிப் பூட்டினார் மூலிகை.

இப்போது கூடத்தில் ஒன்றுமே இல்லை.

"வாடகை குடுக்காம ஓடிப்போனவங்க வீடு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

மூலிகை கீழ்வீட்டுத் தச்சரிடம் ஓடினார். பட்டறை வாசலில் புத்தம்புது மரப் பெஞ்சு ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது.

"எடுத்துட்டுப் போங்க சார், ஆனா..." என்று தச்சர் ஆரம்பித்தார். அந்த 'ஆனா'வுக்கு நிற்கிற நிலையில் மூலிகை இல்லை. பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து, நடுக் கூடத்தில் போட்டு, உட்கார்ந்தார். போன் அடித்தது.

திரையில் வெள்ளைத் தாடியோடு சோப்புக்காரர். பக்கத்தில், அவர் பேசுவதைத் தமிழில் மாற்றிச் சொல்ல ஒரு பெண்.

"வணக்கம் சார். ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுதுன்னு ஐயா கேக்கறார்."

"நாங்க விசிறி வச்சுக்கறதில்லைங்க. இயற்கைக் காத்துதான்."

இயற்கைக் காற்று அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. ஆனாலும் சோப்புக்காரர் தலையாட்டினார்.

"ஐயாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சமையலறையைக் காட்டச் சொல்றார்."

மூலிகை எழுந்தார். பெஞ்சும் கூடவே எழுந்தது. வார்னிஷ் இன்னும் காயவில்லை என்பதுதான் தச்சரின் 'ஆனா' என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. சட்டென்று மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மனைவி பாய்ந்து போனை வாங்கிக்கொண்டாள். "இவர் எழுந்திரிக்க மாட்டாருங்க. தியான நேரம்."

மூலிகை கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழி?

திரையில் ஒரே பரபரப்பு. "தியானமா! ஐயாவும் செய்வாராம். அதுக்குன்னு நீங்க வச்சிருக்கற பருத்தித் துணியைப் பார்க்கணுமாம். சமையலறை இருக்கட்டும், துணி அலமாரியைத் திறங்க."

மனைவி போனோடு படுக்கையறை வரைக்கும் போய், "சாவி எங்கியோ தொலைஞ்சு போச்சுங்க" என்றாள்.

"யார் சொன்னா?" மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்து நின்றார். "என் நாற்காலி வேணும்னு நான்தான் எடுத்து வச்சேன்." யாரும் தடுப்பதற்குள் திறந்தும்விட்டார்.

டப்பாக்கள் சரிந்தன. கூடைகள் உருண்டன. விசிறி விழுந்து ரோஜாவை நசுக்கியது. எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து ஒரு சிவப்பு வாளி நிதானமாக உருண்டு வந்து, அடிப்பக்கத்து முத்திரையைப் போனுக்கு நேராகக் காட்டியபடி நின்றது.

சத்தம் கேட்டு, பெஞ்சோடு தத்தித் தத்தி வந்து சேர்ந்தார் மூலிகை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஐயாகிட்ட சொல்லுங்கம்மா. நான் சொன்னதெல்லாம் பொய். பிளாஸ்டிக் இல்லாம எங்களுக்கு ஒரு நாள்கூட ஓடாது. மெதுவா மாத்திக்கலாம்னு இருக்கோம். ஆனா அந்தச் சோப்பைக் கையில வாங்கி மோந்து பார்த்ததும் வேலையை விட்டேனே, அது மட்டும் நிஜம்."

அந்தப் பெண் சொல்லி முடித்தாள். சோப்புக்காரர் திரைக்கு வெகு அருகில் வந்தார். வாளியையே பார்த்தார். நீளமாக என்னவோ சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போச்சு, மனிதரை அழவே வைத்துவிட்டோம் என்று நினைத்தார் மூலிகை. கடைப் பலகையை இறக்க யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள்.

"சார், சோப்பு ஏஜென்சி உங்களுக்குத்தானாம், அந்தச் சிவப்பு வாளி ஐயாவோட பெரிய பிளாஸ்டிக் ஃபாக்டரில செஞ்சதாம், அதுக்கும் நீங்களே ஏஜென்சி எடுத்துக்கறீங்களான்னு கேக்கறார்."