போர்வைக்குள் இருந்த நோயாளி

ஒளிக்கரத்தார் தொட மாட்டார். மருந்து தர மாட்டார். காணிக்கை மட்டும் வாங்கிக்கொள்வார். அதற்கே மண்டபம் கொள்ளாத கூட்டம்.

நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வையால் மூடுவது சொந்தக்காரர்கள் வேலை. ஒளி சிந்திவிடக் கூடாதாம்! பிறகுதான் அவர் திரையை விலக்கிக்கொண்டு வருவார். ஒரு முழம் உயரத்தில் கையை ஓட்டுவார். எந்தக் கட்டியும் கரைந்துவிடுமாம்.

பஸ் டிரைவர் ஒருவர் அங்கே ஒருமுறை போய்ப் படுத்ததிலிருந்து சொக்கிக் கிடந்தார். பிரேக்கை மிதிக்கிறோமா என்று பாதத்துக்கே தெரியாமல் போய், வேலையிலிருந்து இறக்கப்பட்டவர் அவர். ஸ்கேனில், தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டு ஒரு கட்டி தெரிந்தது.

"அபூர்வமா வர்ற கட்டி. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போட்டா நடையே போயிடும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா போன உணர்ச்சி முழுசா திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"அவரு பண்றாரே சத்தியம்! கத்தியும் கிடையாது" என்றார் டிரைவர், வீட்டுக்கு வந்ததும்.

துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டுவது அவர் மனைவியின் வேலை. அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை.

"சரிங்க. ஒரு தடவை நீங்க கூட்டத்துல உட்கார்ந்து பாருங்க. உங்க இடத்துல வேற ஆளைப் படுக்க வைக்கிறேன். அப்புறமும் அவருதான் வேணும்னா, நான் வாயே திறக்கல."

"யாரு ஆளு?"

"எங்க கடையிலதான் இருக்காரு. ரொம்ப சாது."

சாது சக்கர நாற்காலியில் முக்காடு போட்டு வந்தார். அவளே படுக்க வைத்துப் போர்த்தினாள். இதுவும் பலிக்காவிட்டால் கணவரின் கால் அவ்வளவுதான்.

ஒளிக்கரத்தார் கையை ஓட்டினார்.

"அடடா! கீழ்முதுகு நெருப்பா கொதிக்குது. எப்படித் தாங்கினீங்க தம்பி? ம்... கரையுது... கால்ல சூடு ஏறுதா?"

பதில் இல்லை.

"பாத்தீங்களா? நிம்மதியில பேச்சே வரல!"

மண்டபம் கைதட்டியது. அவள் போர்வையை உருவினாள். சட்டைக் காலரில் விலைச்சீட்டு தொங்க, கடைப் பொம்மை படுத்திருந்தது.

"வாய் இருந்தா சொல்லியிருப்பாருங்க, ஐயா."

"ஒளிக்கு... உயிருள்ளது, இல்லாததுங்கிற பேதம் கிடையாது!"

"அப்போ என் ஸ்கூட்டருக்கும் ஒரு கை காட்டுங்க, சாமி!" என்றது பின்வரிசை. சிரிப்பு வெடித்தது. ஒளிக்கரத்தார் திரைக்குப் பின்னால் மறைந்தார்.

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, டாக்டரம்மா இப்ப இருப்பாங்களா?" என்றார் மெதுவாக. அவள் தோளைக் கொடுத்தாள்.

கட்டியை எடுத்தார்கள். புற்று இல்லை என்றது பரிசோதனை. அவர் கண்ணை மூடிக்கொள்ள, அவள் பாதத்தை நகத்தால் வருடினாள். வலது பாதம் இன்னும் மரத்தே கிடந்தது. இடது பாதம் வெடுக்கென்று விலகியது.

"கூசுதுடி!"

அவள் அழுதுகொண்டே மறுபடி வருடினாள்.

மண்டபத்தில் இப்போது கூட்டம் இரட்டிப்பாம். "பொம்மைக்கே வைத்தியம் பார்த்தவரு, நமக்குப் பார்க்க மாட்டாரா?" என்கிறார்கள். முதுகெலும்பு நன்றாக இருப்பவர்களாவது, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு நிமிடம் யோசிக்கக் கூடாதா?