நத்தை ஓட்டில் ஒரு நிலவுடைமையாளர்

நில உரிமை என்னும் மாபெரும் தத்துவத்தை உலகுக்கு அருளியவர் எந்த ஞானியும் அல்லர். ஆப்பிரிக்க ஏரி ஒன்றில், காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் இரண்டு அங்குல மீன்தான். குலசேகரத்து ஓய்வுபெற்ற நில அளவையர் ஜேசுதாஸ் இந்த உண்மையைக் கண்டறிந்தபோது அவருக்கு பிரஷர் நூற்றெண்பது.

பிரஷருக்குக் காரணம் அவருடைய தோட்டத்தை ஒட்டிய ரப்பர் விளை. அது தம்பி ஜான்ரோஸுடையது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவிலிருந்த எல்லைக் கல் ஒரு மழைக்காலத்தில் தம்பியின் பக்கமாக ஒரு முழம் 'இயற்கையாக' நகர்ந்துவிட்டது. ஆறு வருடமாக வழக்கு நடக்கிறது, பேச்சு நடக்கவில்லை.

"மீன் வளருங்க, மனசு அமைதியாகும்" என்றார் டாக்டர். மகள் ஜெஸ்மி நாகர்கோவிலில் அந்த ஆப்பிரிக்க சிக்லிட் மீனில் ஒரு ஜோடியும், குடியிருக்க நத்தை ஓடுகளும் வாங்கி வந்தாள்.

அமைதி உடனே தொடங்கியது. துணைக்கு விட்ட நான்கு கப்பி மீன்களும் மத்தியானத்துக்குள் வாலில்லாமல் மிதந்தன. தண்ணீர் மாற்றப்போன மனைவி ஜெபகுமாரியின் விரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது ஆண் மீன்.

"எம்மாடி! எள்ளுப்போல இருந்துகிட்டு கடிக்கியதப் பாரு!"

"ஏட்டி, அனுமதியில்லாம அடுத்தவனுக்க எடத்துல கைய வச்சது நீயாக்கும்" என்றார் ஜேசுதாஸ், மீன் தரப்பு வக்கீலாக.

பெண் மீனையும் அது துரத்தவே, அவர் துறைரீதியான நடவடிக்கையில் இறங்கினார். டேப் பிடித்துத் தொட்டியை அளந்தார். சரிபாதியில் ஒரு சின்னக் கூழாங்கல்லை நட்டு, 'இரு தரப்பினருக்கும்' வாய்மொழியாக அறிவிப்பும் கொடுத்தார்.

அந்த வாரம்தான் ஜெஸ்மிக்குச் சம்பந்தம் கூடி வந்தது. இரண்டு வருடமாக அவள் மனசுக்குள் வைத்திருந்த பையன். ஆனால் பையனின் அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: "பெண்ணுக்க சித்தப்பா முன்ன நிக்கணும். கூடப்பொறந்தவனே வராத வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம்."

"நான் போய்க் கூப்பிட மாட்டேன்" என்றார் ஜேசுதாஸ். ஜெஸ்மி விளையைத் தாண்டிப் போய்ச் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவம், அவர் என்ன செய்வார்? வருவதாக ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் வீட்டில் கூடினார்கள். சாயா வந்தது. பேச்சு தொடங்கவில்லை. சம்பந்தி மரியாதைக்கு, "இது என்ன மீனு?" என்று கேட்டுவைத்தார்.

ஜேசுதாஸ் எழுந்தே விட்டார்.

"மகா அறிவாளியாக்கும்! நான் நட்ட கல்லுக்கு அடியில மண்ண வாயால அள்ளி அள்ளித் துப்பி, பெண்டாட்டிக்க பங்குல ஒரு சாண் தள்ளி வச்சிட்டுது. இப்பம் பாத்தா கல்லு ஆதிமுதலே அங்க கிடந்தது மாதிரி இருக்கும்! என்னா ஒரு தொழில் சுத்தம்!"

ஜெபகுமாரி தலையில் கைவைத்தாள். ஜெஸ்மி சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜான்ரோஸ் தொட்டியருகே போய்க் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"கல்யாணத்த நடத்துங்க, எனக்க பிள்ளைக்கு நான் நிக்கேன்" என்றார் சம்பந்தியிடம். பிறகு ஆறு வருடத்தில் முதல்முறையாக அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஆனா அண்ணே, இந்த மீனு யோக்கியனாக்கும். பட்டப்பகல்ல, நாலுபேரு பாக்கத்தானே கல்ல நவுத்துது!"